கனடாப் பெட்டியை அப்படியே கடலுக்குக் கொண்டுவராதீர்கள்: மிதக்கும் இரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடைக்காற்று ஓய்ந்து, சித்திரையும் பிறந்து கடல் அடங்கிவிட்டால் போதும். திருகோணமலையில் உப்புவெளிப் பாறைகள் முதல் கிண்ணியாப் பாலத்தடி வரை தூண்டில் தடியும் கையுமாக இளைஞர்கள் நிற்கிறார்கள். இறாலும் சூடையும் கோத்து எறிந்த இடங்களில் இப்போது பளபளக்கும் பிளாஸ்டிக் மீன்கள் பறக்கின்றன. நல்லதுதான். நீர்மேல் நுரை கிளப்பிக்கொண்டு வரும் பொப்பர் என்ற மிதக்கும் இரையை ஒரு பாரை அடியிலிருந்து எழுந்து அடிப்பதைப் பார்த்தவனுக்கு வேறு எந்தத் தூண்டிலும் ருசிக்காது. ஆனால் நாங்கள் அந்த நாளில் விட்ட பிழைகளையே இவர்களும் ஒன்று விடாமல் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். முடிச்சு அவிழ்ந்தது, நூல் சிக்கியது போன்றவற்றை நான் சொல்லப்போவதில்லை. அவற்றைக் கடலே நாலு நாளில் படிப்பித்துவிடும். தானாகத் திருந்தாதவை வேறு.

பாஸ் மீனுக்குச் செய்த இரையைப் பாரைக்கு எறிவது

இதைப் பற்றித்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன், ஒவ்வொரு பருவத்திலும் எரிச்சல் வருகிறது.

கனடாவிலிருந்து மாமா விடுமுறைக்கு வருகிறார். மருமகனுக்கு மீன்பிடியில் ஆசை என்று கேள்விப்பட்டு ஒரு பெட்டி நிறைய இரைகள் வாங்கி வருகிறார். எல்லாம் அழகானவை, பேர்போனவை, விலையும் கூடியவை. மிதக்கும் இரை என்ற கலை வட அமெரிக்காவில் வளர்ந்ததே பெரும்பாலும் பாஸ் மீனை வைத்துத்தான். தண்ணீரைக் கலக்கிக்கொண்டு உருண்டு வரும் ஜிட்டர்பக் 1938 இல் வந்தது. இடமும் வலமுமாகத் தலையை வெட்டி நடக்கும் ஸாரா ஸ்பூக் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. இன்றும் இரண்டுக்கும் பெயர் இருக்கிறது. அந்த இரைகளில் ஒரு குறையும் இல்லை. குறை, அவற்றை நாம் எதற்கு முன்னால் போடுகிறோம் என்பதில் இருக்கிறது.

பாஸ் நன்னீர் மீன். ஏரியில் புல்லுக்குள்ளும் விழுந்த மரத்தடியிலும் பதுங்கியிருக்கும். பெரிய வாய் பாஸில் உலக சாதனை 1932 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் பிடிபட்டது. 2009 இல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்ட மீன் அதைச் சமன் செய்தது. இரண்டும் சுமார் 10 கிலோ. இனிப் பாரையைப் பாருங்கள். பெரும்பாரையின் சாதனை 2006 இல் ஜப்பானை ஒட்டிய கடலில் பிடிபட்ட 72.8 கிலோ மீன். அந்த அளவு நம் கரைக்கு வராது என்றே வைத்துக்கொள்வோம். பாஸ் மீனுக்குச் சாதனையான 10 கிலோ, பாரைக்கு வாலிப வயதுதான். அதுவும் தூண்டில் முள் ஏறிய உடனே பாறையைப் பார்த்து ஓடும்.

மெல்லிய கம்பியில் செய்த கூரான மும்முனை முள் பாஸ் மீனின் வாயில் சுலபமாக ஏறும். அதற்காகத்தான் அதை மெல்லியதாகச் செய்கிறார்கள். பாரை இழுக்கும்போது அதே மெல்லிய கம்பி நிமிர்ந்துவிடுகிறது.

உப்புவெளிப் பக்கம் ஒரு விடியற்காலையில் பக்கத்துப் பாறையில் நின்ற தம்பிக்கு நல்ல அடி ஒன்று விழுந்தது. தடி வளைந்தது, ரீல் கத்தியது, பிறகு எல்லாம் தளர்ந்தது. இரை மட்டும் மிதந்து வந்தது. எடுத்துப் பார்த்தோம். வயிற்றுப் பக்கத்து முள்ளின் மூன்று கவர்களில் ஒன்று ஊசியைப்போல நேராகியிருந்தது. வால்பக்கத்தில் முள்ளே இல்லை. முள்ளைப் பிடித்திருந்த சின்ன வளையம் விரிந்து, அதன் ஒரு முனை மட்டும் துளையில் தொங்கியது.

“முள்ளை மாற்றினீரா தம்பி?”

“இல்லை அண்ணா, புத்தம் புதியது. பெட்டியில் வந்தபடியேதான் கட்டினேன்.”

புதியது என்பதுதான் அவருக்குச் சமாதானம். அந்தப் பாரை வாயில் ஒரு முள்ளோடு போனது யாருக்கும் கவலையாக இல்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். இரையின் காசு போனால் போகட்டும்.

பிழை இதோடு முடிவதில்லை. அடுத்த நாள் அதே தம்பி கடைக்குப் போய் இருப்பதிலேயே தடித்த முள்ளையும் பெரிய வளையத்தையும் வாங்கி மாட்டுகிறார். இப்போது முள் நிமிராது. ஆனால் இரை செத்துவிட்டது. மிதக்கும் இரையின் ஆட்டமெல்லாம் அதன் எடைக் கணக்கில் இருக்கிறது. பாரம் கூடினால் வால் தாழும், வயிறு அமிழும். தலையை வெட்டி நடக்க வேண்டியது கட்டை போல நேராக இழுபட்டு வரும். பொப்பரின் வாய் தண்ணீரைத் துப்பாமல் விழுங்கும். மீன் அடிக்கவில்லை என்று காலை முழுவதும் கடலைத் திட்டுவதில் பயன் இல்லை.

ஆகவே முள் மாற்றிய எந்த இரையையும் முதலில் ஒரு வாளிக் கடல்நீரில் போட்டுப் பாருங்கள். கிணற்று நீரில் பார்க்காதீர்கள். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவு அடர்த்தி கூடியது, இரை அதில் சற்று உயர்ந்து நிற்கும். மாற்றுவதற்கு முன் எப்படிக் கிடந்தது, மாற்றிய பின் எப்படிக் கிடக்கிறது என்று ஒப்பிடுங்கள். பெரும்பாலும் மும்முனை முள்ளுக்குப் பதிலாகத் தடித்த ஒற்றை முள் போட்டால் பலமும் கிடைக்கும், எடையும் ஏறாது. மீனின் வாயிலிருந்து கழற்றுவதும் இலகு.

அதற்குப் பிறகும் ஒன்று இருக்கிறது. முள்ளும் வளையமும் பலமாகிவிட்டால் இழுவை உடலுக்குப் போகும். பாஸ் இரைகள் பலவற்றில் முள் தொங்கும் கண், பிளாஸ்டிக்கில் திருகி வைத்த சின்னத் திருகாணிதான். அது பிடுங்கிக்கொண்டு வரும். பெரும்பாரைக்கென்று செய்யும் இரைகளில் மூக்கிலிருந்து வால்வரை ஒரே உருக்குக் கம்பி ஓடும், உடல் உடைந்தாலும் மீன் கம்பியில் இருக்கும். மாமாவின் பெட்டியில் திருகாணிக் கண் உள்ளவற்றை உள்துறைமுகப் பக்கத்துச் சின்னப் பாரைக்கும் சின்னச் சீலாவுக்கும் வையுங்கள். ரீலின் இறுக்கத்தையும் தளர்த்தி வையுங்கள். புல்லுக்குள்ளிருந்து பாஸை இழுத்தெடுப்பவர்கள் ரீலைப் பூட்டி இழுப்பதைக் காணொளியில் பார்த்துவிட்டு இங்கே அதையே செய்ய வேண்டாம்.

தண்ணீர் வெடித்ததும் வெட்டுவது

பாரை பல தடவை முதல் அடியில் தவறவிடும். சத்தம் கேட்டு நீங்கள் தடியை வெட்டினால், அதாவது சட்டென்று வெட்டி இழுத்தால், இரை அதன் முன்னாலிருந்து பறந்து உங்கள் முகத்துக்கு வரும். கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். பாரம் கையில் தெரியும்வரை இரையை அதே ஓட்டத்தில் விடுங்கள். தவறவிட்ட மீன் அநேகமாகத் திரும்பி வரும்.

கண்ணாடி நூலும் கம்பியும்

பின்னல் நூலை நேரே இரையில் கட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் முன்னால் போடும் துண்டுக்கு விலை கூடிய, கண்ணாடி போன்ற புளோரோகார்பன் நூலை வாங்குகிறார்கள். அது தண்ணீரில் அமிழும், இரையின் மூக்கைக் கீழே இழுக்கும். மிதக்கும் இரைக்குச் சாதாரணத் தடித்த தங்கூசியே நல்லது. நூலைப் பல்லால் அறுக்கும் சீலாவுக்குப் பயந்து கம்பி போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். போடத்தான் வேண்டுமென்றால் ஒரு விரல் நீளத்துக்குமேல் போடாதீர்கள்.

காலடியில் கைவிடுவது

தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் நாட்களில் அது முதுகில் அடிக்கும், கரையோரம் கடல் தட்டையாகக் கிடக்கும். எறிந்த இரை எங்கோ போய் விழும். அந்தத் தூரத்தில் மயங்கி, முதல் பாதி இழுப்பை அக்கறையாகச் செய்துவிட்டு, பாறைக்குக் கிட்ட வந்ததும் ‘இனி என்ன’ என்று மளமளவென்று சுற்றி எடுத்துவிடுகிறார்கள். பின்தொடர்ந்து வரும் பாரை அடிக்கிற இடம் அதுதான். ஆழம் முடிந்து பாறை தொடங்கும் விளிம்பில்தான் அது முரல் கூட்டத்தை ஒதுக்கி மடக்கும். இரை உங்கள் காலடிக்கு வரும்வரை அதற்கு உயிர் கொடுங்கள். தூரத்தைவிட அந்தக் கடைசிச் சில மீற்றர்களில் மீன் கூட.

பக்கக் காற்றென்றால் நூல் வில்லாக வளைந்து இரையைத் தன்பாட்டில் இழுக்கும். தடி நுனியைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்துங்கள்.

நிறம்

வெளுத்த இரை ஒன்று, கறுத்தது ஒன்று இருந்தால் போதும். மீன் கீழிருந்து வானத்தைப் பார்க்கிறது.

கந்தளாய்க் குளத்துக்குப் பொப்பரோடு போவது

விராலுக்கு மிதக்கும் இரை பிடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது கிடப்பது தாமரை இலைக்கும் பாசிக்கும் இடையில். தொங்கும் முள்ளோடு அங்கே எறிந்தால் குளத்துப் பாசிதான் கரைக்கு வரும். முள் இரண்டும் முதுகோடு ஒட்டிக் கிடக்கும் ரப்பர் தவளையை வாங்குங்கள், இலைக்கு மேலால் தத்திவிடுங்கள். அங்கே பாரைக்குச் சொன்னதைவிடப் பொறுமை வேண்டும். விரால் அடித்ததும் தவளையை வாயில் மடக்கிக்கொண்டு கீழே போகட்டும், நூல் நகர்வதைப் பார்த்த பிறகே வெட்டுங்கள்.

மாரியில் அடம்பிடிப்பது

மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிறது. வெள்ளம் இறங்கித் தண்ணீர் மண்ணிறமானால் பொப்பரைக் கழுவி வையுங்கள்.

புறாமலை

நிலாவெளிக்கு எதிரே உள்ள இந்தத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. தடியை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

எதிர்முள்ளை நசுக்காமல் விடுவது

பாலத்தில் எறிபவர் பின்னால் பார்ப்பதில்லை. பின்னால் சைக்கிளில் ஒருவர் போவார், ஒரு பிள்ளை மீன் பார்க்க வந்து நிற்கும். மிதக்கும் இரை மீனைத் தவறவிட்டால் அம்பாகத் திரும்பி வருவதும் வழக்கம். குறடால் ஒவ்வொரு முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளையும் நசுக்கித் தட்டையாக்குங்கள். நூலைத் தளரவிடாதவரை மீன் கழன்றுபோகாது, கையில் ஏறினாலும் வந்த வழியே உருவிவிடலாம். தொப்பியும் கண்ணாடியும் வெயிலுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். குறடு பையின் அடியில் கிடந்து பயனில்லை, இடுப்பில் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் இரைகளை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்த பிறகே பெட்டியில் போடுங்கள்.