தெரிந்துகொள்ளுதலும் சுவிசேஷமும்: நாம் விடுகிற தவறுகள்

"தேவன் முன்குறித்தவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள் என்றால், நாம் ஏன் மழையில் நனைந்துகொண்டு லயத்து வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும்?" இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாலிபர் கூட்டம் முடிந்து சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி இப்படிக் கேட்டான். ஊழியத்துக்கு வராமல் தப்பிக்கிற பேச்சில்லை அது. உண்மையாகவே குழம்பிப்போய்த்தான் கேட்டான்.

தெரிந்துகொள்ளுதல் என்றால், இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவனே முன்கூட்டித் தெரிந்தெடுக்கிறார் என்ற சத்தியம். அப்படி, இரட்சிப்பு முழுக்க முழுக்க தேவனுடைய செயல் என்று நம்புகிறவர்கள் முதலில் விழுகிற குழி இதுதான். ஆனால் வேதம் அந்தச் சத்தியத்தை எங்கே வைத்துச் சொல்கிறது என்று பாருங்கள். கொரிந்துவில் பவுலுக்கு எதிர்ப்பு, பயம், நடுக்கம். அந்த நேரத்தில் கர்த்தர் இரவில் தரிசனமாகி, பயப்படாமல் பேசு, "இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு" என்கிறார் (அப்போஸ்தலர் 18:10). அந்த ஜனங்களில் பலர் அதுவரை இயேசுவின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். உம்முடைய ஜனங்களை நீரே பார்த்துக்கொள்ளும் என்று பவுல் மூட்டை கட்டவில்லை. ஒரு வருஷமும் ஆறு மாதமும் அங்கேயே தங்கிப் போதித்தார். தேவன் தெரிந்துகொண்டிருக்கிறார் என்ற செய்திதான் அவரை அந்த ஊரில் நிற்கவைத்தது. ரோமர் 9-இல் தெரிந்துகொள்ளுதலைப் பற்றி எழுதிய அதே கை, அடுத்த அதிகாரத்தில், பிரசங்கிக்கிறவன் இல்லாமல் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று கேட்கிறது. இன்னாரை இரட்சிப்பேன் என்று தீர்மானித்தவர், ஒருவர் வாய்திறந்து சொல்வதால் அதைச் செய்வேன் என்றும் தீர்மானித்திருக்கிறார். இரண்டையும் பிரிக்கக் கூடாது.

ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி தெரிந்துகொள்ளுதலை அழுத்தமாக நம்பிய பாப்திஸ்து. 1793-இல் வங்காளத்துக்கு வந்தார். அவர்கள் ஊழியத்தில் முதல் இந்தியராகக் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஞானஸ்நானம் எடுத்தது 1800 டிசம்பரில். இடையில் ஏழு வருஷம். பலன் தன் கையில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தால் அவர் எப்போதோ கப்பலேறியிருப்பார். நம்முடைய மலைகளிலும் 1854-இல் தோட்டத் தொழிலாளருக்கான தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தே போனார்கள். ரோடு ஒழுங்காக இல்லாத காலம். அந்த நடையின் பலனில்தான் நம்மில் பலருடைய குடும்பங்கள் இன்று நிற்கின்றன.

அடுத்த தவறு முதலாவதற்கு நேர் எதிரானது. என் கணக்கில் இதுதான் அதிகக் கெடுதல் செய்கிறது: இரட்சிப்பை நாமே உண்டாக்கப் பார்ப்பது.

இதை நான் செய்தவன் என்பதால் சொல்கிறேன். இருபது வயதில் கைப்பிரதிகளோடு ஒரு சீ.ஆர். கொப்பியையும் தூக்கிக்கொண்டு அலைவேன். ஜெபத்தைத் திருப்பிச் சொன்னவர்களின் பெயர்களை அதில் எழுதுவேன். ஒருநாள் பின்னேரம், கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த ஓர் அக்காவை வழியில் நிறுத்தினேன். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவர் அவிழ்க்கவில்லை, கைவிரலெல்லாம் கொழுந்துக் கறை. நான் சொல்லச்சொல்ல ஜெபத்தைச் சொன்னார். பெயரை எழுதிக்கொண்டேன். இரண்டு கிழமை கழித்து அதே வழியில் அவரைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் நிறுத்தினார். "தம்பி, என் பேரை எழுதுனீங்களே. மகனுக்குக் காய்ச்சல்னு சொன்னேனே, அதையும் எழுதுனீங்களா?"

எழுதவில்லை. அவர் அதைச் சொன்னதே என் காதில் ஏறியிருக்கவில்லை.

இத்தனை கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர் என்று காலமெல்லாம் தராசுக்கு முன்னால் நிற்கிற ஜனங்கள் இவர்கள். சுவிசேஷம் சொல்ல வந்தவனும் கொப்பியோடு வந்து அவர்களையே கிலோவாக எண்ணினால் எப்படி? எண்ணிக்கைதான் குறி என்றாகிவிட்டால் அப்புறம் எல்லா வழியும் சரியாகத் தெரியும். கூட்டத்தில் கையைத் தூக்கும்வரை விடாமல் பாட்டுப் பாடுவது, இன்று ராத்திரி செத்தால் எங்கே போவாய் என்று நோயாளியை மிரட்டுவது, மண்சரிவில் வீடிழந்து பாடசாலை மண்டபத்தில் படுத்திருக்கிறவர்களுக்கு அரிசிப் பையோடு ஜெப அட்டையையும் நீட்டுவது. அரிசி கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர் அடுத்த ஞாயிறும் கோவிலுக்கே போவார் என்று தெரிந்தும் கொடுங்கள். கட்டாய மதமாற்றத்தைத் தடுக்க வேண்டுமென்று 2004-இல் பாராளுமன்றத்துக்குச் சட்டமூலம் வந்த நாடு இது. அது நிறைவேறவில்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டுக்கு நம்மில் சிலர் இடம் கொடுத்தது உண்மை. சட்டம் இருக்கட்டும், பவுலே "தந்திரமாய் நடவாமலும், தேவவசனத்தைப் புரட்டாமலும்" என்று எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 4:2). பிலிப்பியில் பவுல் பேசியதைக் கேட்ட லீதியாளின் இருதயத்தைத் திறந்தவர் கர்த்தர். பவுல் செய்தது ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேசியதுதான்.

யார் தெரிந்துகொள்ளப்பட்டவர் என்று நாமே முடிவுகட்டுவதும் உண்டு. கோவில் கமிட்டித் தலைவரா, அவர் எங்கே வரப்போகிறார். லயத்துக் கடைசிக் காம்பிராக் குடிகாரரா, சொல்லி என்ன பயன் என்று அந்த வாசல்களைத் தாண்டிப்போய்விடுகிறோம். அந்தப் பட்டியல் நம் கையில் தரப்படவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம், "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்று இயேசு சொன்னது. அதை எந்த வாசலிலும் கூசாமல் சொல்லலாம்.

பிறகு, பழியைக் காட்டி ஆளைக் கிளப்பிவிடுவது. நீ சொல்லாததால் ஓர் ஆத்துமா நரகத்துக்குப் போகிறது என்று பிரசங்க மேடையிலிருந்து உலுக்கினால், அடுத்த சனிக்கிழமை பத்துப் பேர் கைப்பிரதியோடு கிளம்புவார்கள்தான். அதற்கடுத்த சனிக்கிழமை இரண்டு பேர். கிறிஸ்துவின் அன்பு எங்களை நெருக்கி ஏவுகிறது என்றார் பவுல். நான் வழிதேடி வரவில்லை, அவர் என்னைத் தேடிவந்து எடுத்தார் என்று அறிந்தவனுக்கு அதைச் சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். கீழ்ப்படிதலும் வேண்டும், பயமும் வேண்டும். ஆனால் ஊற்று நன்றிதான்.

இந்தச் சத்தியத்தை வைத்துச் சபைகளுக்குள் சண்டை போடுவதைப் பற்றி ஒன்றே ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரசங்கிகளான ஜோர்ஜ் விட்பீல்டும் ஜோன் வெஸ்லியும் முன்குறித்தலைப் பற்றி வெளிப்படையாகவே மோதினார்கள். ஆனால் 1739-இல் இருவருமே பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குத் திறந்தவெளியில் நின்று பிரசங்கித்தவர்கள். 1770-இல் விட்பீல்ட் இறந்தபோது லண்டனில் அவருக்கான நினைவுப் பிரசங்கத்தைச் செய்தவர் வெஸ்லி. ஒரே தோட்டத்தில் மெதடிஸ்தும் பெந்தெகொஸ்தேயும் அங்கிலிக்கனும் இருக்கிற நமக்கு இது தெரிந்திருப்பது நல்லது. புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர் முன்னால் இந்த வாதத்தைத் தொடங்கவே வேண்டாம்.

அன்று கேட்ட தம்பியிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "உங்க அப்பாவுக்காக ஜெபம் பண்றீங்களா?" தினமும் என்றான். "என்னன்னு கேட்பீங்க?" கொஞ்சம் யோசித்து, "அவர் மனசைத் திறங்க ஆண்டவரேன்னு" என்றான். அப்பாவிடம் நேரில் எப்போது கடைசியாகப் பேசினான் என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்தான். தீபாவளிக்கு முன்னால் என்றான். அப்பா வேலைவிட்டு வர நாலரையாகும் என்று அவனே சொல்லி, நேரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்தான்.