அறுபதுக்குப் பின் பச்சை குத்திக்கொள்ள விரும்புவோருக்கு

அறுபது வயதைக் கடந்தபின் முதன்முறையாகப் பச்சை குத்திக்கொள்ள விரும்புவோர், வழக்கமாக வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஊசி பட்ட இடம் ஆறத் தாமதமாகும். சீழ் பிடிக்கவும் கூடும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுவோருக்கு ரத்தக் கசிவு கூடுதலாக இருக்கும் என்றாலும், அதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். செயற்கை இதய வால்வு பொருத்திக்கொண்டவர்களும், சிறு காயத்துக்கும் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு கொண்டவர்களும் இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

பின்னாளில் வருந்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இடமும் அளவும்தான். மை தங்குவது உள்தோலில். வயதாக ஆக அந்தத் தோல் மெலிந்து நெகிழ்ந்துவிடுவதால், நுண்ணிய கோடுகள் விரைவில் மங்கிப் பரவும். சதைப்பிடிப்புள்ள மேற்கையும் முன்கையின் வெளிப்புறமும் ஏற்றவை. புறங்கையையும் கணுக்காலையும் தவிர்க்கலாம். மச்சத்தின் மேல் குத்தவே கூடாது, ஏனெனில் அதன் நிறமோ வடிவமோ மாறினால் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும். குறத்தியரிடம் இளம்வயதில் பச்சை குத்திக்கொண்ட மூதாட்டிகளின் கைகளைப் பாருங்கள்: புள்ளிகளுக்கிடையே தாராளமாக இடம்விட்ட கோலம் இன்றும் அடையாளம் தெரியும், நெருக்கிக் குத்திய எழுத்தோ நீலப்பச்சைத் திட்டாகியிருக்கும்.

தமிழ் எழுத்துகளுக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ‘கண்ணன்’ என்று பொடியெழுத்தில் குத்தினால், சில ஆண்டுகளில் சுழிகள் அடைபட்டு, புள்ளி மேற்கோட்டோடு ஒட்டி, ண எது, ன எது என்றே தெரியாமல் போகலாம். குத்துபவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று நம்பிவிடாமல், மாதிரியைத் தோலில் ஒற்றியெடுத்தவுடன், ஊசி தொடுவதற்கு முன்பே, வெள்ளெழுத்துக் கண்ணாடியை அணிந்துகொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

எதைக் குத்துவது என்பதில் இந்த வயதுக்கு ஒரு பெரும் அனுகூலம் உண்டு. நாற்பது ஆண்டுகள் நிலைத்த அன்பு எது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆயினும் அதே வடிவத்தை அதே இடத்தில் மருதாணியால் இரண்டு மூன்று முறை வரைந்து, சில வாரங்கள் அதனோடு இருந்து பார்ப்பது நல்லது. ‘இந்த வயதில் எதற்கு’ என்று பிள்ளைகள் கேட்டால் பொறுமையாகக் காரணத்தைச் சொல்லுங்கள். அனுமதி கேட்க வேண்டியதில்லை. பின்னர் லேசரால் அழித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். அதற்குப் பல அமர்வுகள் தேவைப்படும், முழுவதும் அழியும் என்ற உறுதியில்லை, மாநிறத் தோலில் வெளிறிய திட்டுகளும் விழக்கூடும்.

உறை பிரிக்காத புதிய ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கிறார்களா, மையைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றுகிறார்களா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் ஊசி வழியே பரவக்கூடியவை. ஒவ்வாமை பெரும்பாலும் சிவப்பு மையால்தான் வருகிறது என்பதால், கறுப்போடு நிறுத்திக்கொள்ளலாம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கால் மரத்துப்போனால் இடைவேளை கேளுங்கள்.

வீடு திரும்பியபின் மென்மையான சோப்பால் கழுவி, கொடுத்த களிம்பை மெல்லியதாகத் தடவினால் போதும். மஞ்சளோ தேங்காயெண்ணெயோ பூச வேண்டாம். பொருக்கைப் பிய்க்காமல், ஆறும்வரை வெயிலும் குளத்துநீரும் படாமல் காக்க வேண்டும். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் பச்சை குத்தியிருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரிதாகச் சிலருக்கு அவ்விடத்தில் எரிச்சல் ஏற்படுவதுண்டு.