மண்புழு உரத்தொட்டி: எந்தக் கழிவை இடலாம், எவ்வளவு இடலாம்?

மண்புழுவுக்குப் பல் கிடையாது. நாம் இடும் காய்கறித் தோலை அது கடித்துத் தின்பதில்லை. தோல் அழுகத் தொடங்கிய பின் அதில் பெருகும் நுண்ணுயிரிகளையும், அவற்றால் கூழாகிப்போன பகுதியையும் சேர்த்தே விழுங்குகிறது. எனவே, எளிதில் அழுகக்கூடியதும், அழுகும்போது தொட்டியைச் சூடாக்கவோ புளிக்கவைக்கவோ செய்யாததுமே நல்ல உணவு.

படி 1: முதலில் படுக்கையை அமையுங்கள். கிழித்த செய்தித்தாள், பளபளப்புப் பூச்சில்லாத அட்டை, தென்னை நார்த்தூள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை நனைத்துப் பரப்பலாம். கையில் அள்ளி இறுகப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் மட்டும் கசிவதே சரியான ஈரம். காலப்போக்கில் இந்தப் படுக்கையையும் புழுக்கள் தின்றுவிடும் என்பதால், குறையும்போதெல்லாம் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

படி 2: இடவேண்டியவற்றைப் பிரித்தெடுங்கள். காய்கறித் தோல், கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், முலாம்பழச் சக்கை, தேயிலைச் சக்கை ஆகியவற்றைத் தயங்காமல் இடலாம். காபிச் சக்கையும் நல்லதுதான். ஆனால் ஒரே இடத்தில் குவிக்காமல் தூவிவிட வேண்டும். தேயிலைப் பைகளில் சில பிளாஸ்டிக் இழை கலந்தவை என்பதால், பையைக் கிழித்து உள்ளிருப்பதை மட்டும் போடுவதே பாதுகாப்பு. முட்டையோட்டைக் காயவைத்துப் பொடித்து இட்டால், அந்தத் துகள்கள் புழுவின் அரைவைப்பையில் உணவை அரைக்க உதவுவதோடு, தொட்டியின் புளிப்பையும் தணிக்கும்.

படி 3: விலக்கவேண்டியவற்றை விலக்குங்கள். புழு தோலின் வழியே சுவாசிக்கிறது. அந்தத் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், உப்பிட்டுச் சமைத்த மிச்சமும் ஊறுகாயும் அறவே கூடாது. இறைச்சியும் மீனும் பால்பொருள்களும் எண்ணெய்ப் பண்டங்களும் நாற்றமெடுத்து ஈயையும் எலியையும் அழைக்கும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களைச் சிறிதளவு போட்டால் கேடில்லை என்பார்கள். புதிய தொட்டியில் அந்தச் சோதனை வேண்டாம் என்பது என் கருத்து. நாய், பூனைகளின் கழிவில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். குடற்புழு மருந்து கொடுக்கப்பட்ட கால்நடையின் சாணத்தில் அம்மருந்தின் எச்சம் இருக்கக்கூடும். அது மண்புழுக்களையும் கொல்லலாம்.

படி 4: சிறிதாக நறுக்கிப் புதையுங்கள். துண்டு சிறியதானால் நுண்ணுயிரிகள் பற்றும் பரப்பு கூடி, அழுகல் விரைவுபடும். ஒரு முறை ஒரு மூலையில் புதைத்தால், அடுத்த முறை வேறு மூலையைத் தேர்ந்தெடுத்து, மேலே படுக்கைப் பொருளால் மூடிவிடுங்கள். பழ ஈக்கள் வராமலிருக்க இந்த மூடாக்கு மிக அவசியம்.

படி 5: அளவைத் தொட்டியே சொல்லட்டும். நன்கு நிலைபெற்ற தொட்டியில் உரப்புழுக்கள் நாளொன்றுக்குத் தம் எடையில் பாதியளவு வரை உண்ணக்கூடும். அரைக் கிலோ புழு இருந்தால் அது 250 கிராம் ஆகும். ஆனால் புதிய தொட்டியில் நுண்ணுயிரிகள் பெருகவே சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், இந்த அளவில் நான்கிலொரு பங்குடன் தொடங்குவதே நல்லது. முன்பு புதைத்த இடத்தைக் கிளறிப் பார்த்து, உணவு பெரும்பாலும் மறைந்திருந்தால் மட்டுமே அடுத்ததை இடுங்கள். பட்டினியால் புழுக்கள் சாவது அரிது. அவை பெரும்பாலும் மாள்வது அளவுக்கு மீறிய உணவு புளித்துச் சூடேறுவதால்தான். புளித்த வாடை அடித்தாலோ புழுக்கள் சுவரேறித் தப்ப முயன்றாலோ, மிச்சத்தை எடுத்துவிட்டு, உலர்ந்த அட்டைத் துண்டுகளைக் கலந்து, வாடை அடங்கும்வரை உணவிடுவதை நிறுத்திவையுங்கள்.