பழைய விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓடவைப்பது எப்படி?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் இருக்கும் சித்தப்பாவின் அச்சகத்தில் கோயில் நோட்டீஸ், கலியாணக் கார்டு, அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்) எல்லாம் ஒரே ஒரு பழைய கொம்பியூட்டரில்தான் தயாராகும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 அந்த மெஷினில் ஏறாது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். சித்தப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, என்ரை பழைய புரோகிராம் இதிலை ஓடுமோ?"

ஓடுகிறது. அதற்கு உதவியது வைன் என்ற இலவச மென்பொருள். 1993இல் தொடங்கிய திட்டம் இது. ஒரு விண்டோஸ் புரோகிராம் "இந்தக் கோப்பைத் திற", "இங்கே ஒரு பெட்டி வரை" என்று விண்டோஸிடம் கேட்டபடியே இருக்கும். வைன் அந்த இடத்தில் நின்று, கேட்டதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்கிறது. உள்ளே இன்னொரு முழு விண்டோஸ் ஓடுவதில்லை. ஆகவே பழைய மெஷினுக்கும் பாரமில்லை, விண்டோஸ் லைசென்ஸும் வேண்டாம்.

படி 1: மின்ட் மெனுவில் சொஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து 'வைன்' என்று தேடுங்கள். 'வைன் இன்ஸ்டாலர்' என்பதை நிறுவுங்கள்.

படி 2: மெனுவில் 'வைன் கொன்ஃபிகரேஷன்' திறவுங்கள். முதல் தடவை கொஞ்சம் நேரமெடுக்கும். 'மோனோ' நிறுவவா என்று கேட்டால் சரி சொல்லுங்கள். மைக்ரோசொஃப்டின் டொட்நெட் என்ற தளத்தில் எழுதிய புரோகிராம்களுக்கு அது தேவை.

படி 3: உங்கள் புரோகிராமின் செட்டப் கோப்பில் வலது கிளிக் செய்து, வைன் மூலம் திறக்கச் சொல்லுங்கள். பிறகு விண்டோஸில் போலவே 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்'. நான் முதலில் பழைய மெஷினிலிருந்து புரோகிராம் ஃபோல்டரை மட்டும் பென்டிரைவில் கொண்டுவந்து ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டேன். ரெஜிஸ்ட்ரி (புரோகிராம்களின் அமைப்புகளை விண்டோஸ் குறித்துவைக்கும் இடம்) பதிவுகள் அதோடு வராததால் அது திறக்கவே இல்லை. செட்டப் சிடியைத் தேடி எடுங்கள். திறந்தும் தகராறு செய்தால், வைன் கொன்ஃபிகரேஷனில் அந்தப் புரோகிராமுக்கு மட்டும் விண்டோஸ் எக்ஸ்பி என்று மாற்றிப் பாருங்கள்.

படி 4: எழுத்துரு. எங்கள் ஊரில் மிகவும் முக்கியம் இதுதான். பழைய கோப்புகளில் பெரும்பாலானவை பாமினியில் அடித்தவை. பாமினி, ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் இன்றைய பொதுமுறையான யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாவிட்டால், புள்ளி வர வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி நிற்கும், மற்றதெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். பலர் இதைப் பார்த்துவிட்டுக் கோப்பு பழுதாகிவிட்டது என்று அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள்! பாமினி எழுத்துருக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து மின்டிலேயே நிறுவுங்கள். புரோகிராமை மூடித் திறந்தால் வைனும் அதை எடுத்துக்கொள்ளும். சித்தப்பாவின் பழைய கல்வெட்டுப் பக்கங்கள் அப்படித்தான் மீண்டும் தமிழாகத் தெரிந்தன.

பிரிண்டரை மின்டில் சேர்த்தால் போதும், வைன் புரோகிராமிலும் தெரியும்.

இனி ஒரு எச்சரிக்கை. வைனுக்குள் விண்டோஸ் வைரஸும் ஓடலாம். வைன் காட்டும் 'இசட்' டிரைவ் உங்கள் லினக்ஸ் கோப்புகளுக்கே வழி திறக்கிறது. வாடிக்கையாளர் தரும் பென்டிரைவில் உள்ள புரோகிராம் எதையும் திறக்காதீர்கள். வேலைக்குத் தேவையில்லையென்றால் கொன்ஃபிகரேஷனில் 'டிரைவ்ஸ்' பகுதிக்குப் போய் அந்த 'இசட்'டை நீக்கிவிடலாம்.

எல்லாம் ஓடும் என்று சொல்லமாட்டேன். தனி டிரைவர் கேட்பவையும், யூஎஸ்பி பூட்டுச் சாவி செருகினால்தான் திறப்பவையும் பெரும்பாலும் மறுக்கும். அவற்றுக்கு, கொம்பியூட்டருக்குள் இன்னொரு கொம்பியூட்டர்போல ஓடும் வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற மென்பொருளில் உண்மையான விண்டோஸைப் போட வேண்டும். அதற்கு லைசென்ஸும் வேண்டும், 8 ஜிபி ரேமாவது இருந்தால் நல்லது. ஆகவே பழைய விண்டோஸை அழிப்பதற்கு முன், மின்டை பென்டிரைவிலிருந்தே பூட் செய்து உங்கள் புரோகிராமை வைனில் ஒருதடவை ஓட்டிப் பாருங்கள்.