விற்பனைப் பக்கத்துக்குத் தலைப்பு வைப்பதும், வைத்ததை எண்ணிப் பார்ப்பதும்

என் அத்தை மகன் ஈரோட்டுக்குத் தெற்கே ஓர் ஊரில் மரச்செக்கு வைத்து நல்லெண்ணெய் ஆட்டுகிறான். ஆன்லைனில் விற்கலாம் என்று ஒரு பக்கம் போட்டு எனக்கு லிங்க் அனுப்பினான். மேலே பெரிய எழுத்தில் "பாரம்பரியத்தின் சுவை, ஆரோக்கியத்தின் உறுதி" என்று இருந்தது. "எப்படி இருக்கு மச்சான்?" என்றான். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரியை அப்படியே தூக்கி அரிசி மூட்டையில் ஒட்டலாம், ஊறுகாய் பாட்டிலில் ஒட்டலாம், பல்பொடி டப்பாவிலும் ஒட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். எண்ணெய் என்ற சொல்லே அதில் இல்லை.

உங்கள் தலைப்புக்கும் முதலில் இதைச் செய்து பாருங்கள்: பொருளின் படத்தைக் கையால் மறைத்துவிட்டு, வரியை மட்டும் வீட்டில் யாரிடமாவது ஐந்து நொடி காட்டி "இங்கே என்ன விற்கிறார்கள்?" என்று கேளுங்கள். ஃபோனில் காட்டுங்கள், லேப்டாப்பில் வேண்டாம், ஏனென்றால் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பஸ்ஸிலோ அடுப்படியிலோ நின்றுகொண்டு ஃபோனில்தான் பார்க்கிறார்கள். பதில் தெரியாமல் விழித்தால் அந்த வரி வேலைக்கு ஆகாது.

சரி, நல்ல வரி எங்கே கிடைக்கும்? யோசித்துக்கொண்டே உட்கார்ந்தால் வராது. வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அத்தை மகனின் ஃபோனை வாங்கி, ஆறு மாதமாக வந்த மெசேஜ்களை மேலிருந்து கீழே படித்தேன். ஒரே ஒருத்தர்கூட பாரம்பரியம் பற்றிப் பேசவில்லை. "பனங்கருப்பட்டி போட்டு ஆட்டறீங்களா, இல்ல மொலாசஸ் ஊத்தறீங்களா?" என்று பலர் கேட்டிருந்தார்கள். கசப்பு அடங்க எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது வழக்கம், விலையைக் குறைக்கிற இடங்களில் அதற்குப் பதிலாக சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகை ஊற்றுகிறார்கள். விவரம் தெரிந்தவர்களுக்கு அந்த பயம் இருக்கிறது. அடுத்து, "கடையில இவ்ளோ கம்மியா கிடைக்குதே, உங்ககிட்ட மட்டும் ஏன் இந்த விலை?" என்பது. ஒரு அம்மா எழுதியிருந்தார்: "இட்லிப் பொடில ஊத்தினதும் உள் ரூம்ல இருந்து பேரன் எந்திரிச்சு வந்துட்டான் தம்பி." இந்த மூன்றுக்கும் அந்த விற்பனைப் பக்கத்தில் பெயரளவில்கூட இடம் இல்லை.

ஆக எழுதுவதற்கு முன்னால் ஒரு நோட்டில் மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள்: வாங்குவதற்கு முன் கேட்கிற சந்தேகம், வாங்கியபின் சொல்கிற பாராட்டு, திட்டு. சொற்களைத் திருத்தாமல், அவர்கள் எழுதியபடியே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குகிறீர்கள், மெசேஜே இல்லை என்றால், அதே பொருளைப் பெரிய விற்பனைத் தளங்களில் விற்கிறவர்களுக்கு வந்த விமர்சனங்களைப் படியுங்கள், குறிப்பாக மூன்று நட்சத்திரக் காரர்களை. ஐந்து நட்சத்திரக்காரர் "சூப்பர்" என்று போய்விடுவார், ஒரு நட்சத்திரக்காரர் கூரியரைத் திட்டுவார், நடுவில் இருப்பவர்தான் விஷயம் சொல்வார்.

அந்த நோட்டிலிருந்து நாங்கள் எழுதியவற்றில் மூன்று இவை:

"எள்ளும் பனங்கருப்பட்டியும் தவிர எதுவும் சேராத மரச்செக்கு நல்லெண்ணெய்"

"இரண்டரை கிலோ எள் ஆட்டினால் ஒரு லிட்டர் வருகிறது. அதனால்தான் இந்த விலை."

"சிவகிரி ஏலத்தில் எடுத்த எள், வாகை மரச்செக்கு, ஆட்டிய தேதி பாட்டிலிலேயே"

மூன்றும் மூன்று வேறு ஆட்களிடம் பேசுகின்றன. முதலாவது கலப்படத்துக்குப் பயப்படுகிறவரிடம், இரண்டாவது விலையைப் பார்த்துத் திரும்பப் போகிறவரிடம், மூன்றாவது எதையும் ஆதாரம் இல்லாமல் நம்பாதவரிடம். நான்கைந்து தலைப்பு எழுதச் சொன்னால் நம்மில் பலர் செய்வது ஒரே வரியில் "சுத்தமான" என்பதை "தூய" என்று மாற்றுவதுதான். அது வேறு தலைப்பு ஆகாது, அதைச் சோதித்தும் பயனில்லை. காரணத்தை மாற்றுங்கள், சொல்லை அப்புறம் பார்க்கலாம்.

காரணத்தை மாற்றினால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு எனக்குப் பிடித்த பழைய கதை ஒன்று. அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்தின் ஜிரார்டு என்ற சிற்றூரில், எமானுவேல் ஹால்டெமன்-ஜூலியஸ் என்பவர் 1920-களில் 5 சென்ட் விலைக்குச் சின்னச் சின்ன நீல அட்டைப் புத்தகங்களைத் தபாலில் விற்றார். விளம்பரத்தில் வெறும் பெயர்ப் பட்டியல்தான், படம் கிடையாது, விளக்கம் கிடையாது. அதனால் ஒவ்வொரு பெயரும் தனியாக நின்று விற்க வேண்டும். விற்காத புத்தகத்தை அவர் அலுவலகத்தில் 'ஆஸ்பத்திரி'க்கு அனுப்புவார்கள், அதாவது பெயரை மாற்றிப் பார்ப்பார்கள். 'தங்கக் கம்பளி' என்று பொருள்படும் பெயரில் ஒரு பிரெஞ்சுக் கதை 1925-இல் 6,000 பிரதிதான் போனது. அடுத்த ஆண்டு 'பொன்னிறக் கூந்தல் காதலியைத் தேடி' என்கிற மாதிரி பெயர் வைத்தார்கள், 50,000 போனது. உள்ளே ஓர் எழுத்து மாறவில்லை. கதையே அப்படி ஒருத்தியைத் தேடிப் போகிறவனைப் பற்றியதுதான் என்பதால் பொய்யும் இல்லை, உள்ளே இருந்ததை வெளியே எடுத்து வைத்தார், அவ்வளவுதான்.

பொய் என்றதும் நினைவுக்கு வருகிறது. "சர்க்கரை நோய் ஓடிப்போகும்", "மூட்டு வலிக்கு முற்றுப்புள்ளி" மாதிரி வரிகளை உணவுப் பொருளுக்கு வைக்காதீர்கள். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். "இன்னும் 2 பாட்டில்தான் பாக்கி!" என்று எப்போது பார்த்தாலும் ஓடிக்கொண்டிருக்கிற வரியும் அப்படித்தான், 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் ஏமாற்று உத்திகள் என்று 13 வகையைச் சொல்லியிருக்கிறார்கள், போலி அவசரம் அதில் ஒன்று. குடோனில் ஐம்பது டின் நிற்கும்போது அந்த வரி எதற்கு?

நீளம் பற்றி ஒன்று. தமிழில் நம் கண் எண்ணுவது வேறு, கணினி எண்ணுவது வேறு. 'மரச்செக்கு நல்லெண்ணெய்' என்பது நமக்கு 12 எழுத்து. புள்ளி, கொம்பு, இடைவெளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணினால் 22. கூகுள் தேடல் விளம்பரத்தில் ஒரு தலைப்புக்கு 30 குறிதான் இடம் என்பதால், பக்கத்தில் வைத்த வரியை அப்படியே அங்கே திணிக்க முடியாது, முக்கியச் சொல்லை முன்னால் வைத்துச் சுருக்க வேண்டியிருக்கும். ஆனால் விளம்பரத்தில் கருப்பட்டி என்று படித்துவிட்டு வருகிறவர் பக்கத்தின் உச்சியிலும் கருப்பட்டியைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தப்பான கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று திரும்பிவிடுவார்.

இனி சோதனை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள், அத்தை மகன் உட்பட. நான் சொன்ன முதல் தலைப்பை ஐப்பசி பிறந்ததும் மாட்டினான், பத்தே நாளில் ஆர்டர் எகிறியது, "மச்சான், தலைப்பு பிச்சுக்கிச்சு" என்று ஃபோன். என்ன மாசம்டா இது என்று கேட்டேன். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஊரே நல்லெண்ணெய் வாங்கும் நேரத்தில் பழைய பாரம்பரிய வரியை வைத்திருந்தாலும்தான் விற்றிருக்கும். போன வாரம் ஒன்று, இந்த வாரம் ஒன்று என்று வைத்துப் பார்ப்பது சோதனையே இல்லை. சம்பளத் தேதி, பண்டிகை, மழை என்று எல்லாமே நடுவில் புகுந்துவிடும். இரண்டு தலைப்பும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், வருகிறவர்களில் யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் மென்பொருள் முடிவு செய்ய வேண்டும், ஒருமுறை ஒன்றைப் பார்த்தவருக்கு மறுபடி வரும்போதும் அதுவே தெரிய வேண்டும். இதற்கு கூகுள் இலவசமாகக் கொடுத்த ஆப்டிமைஸ் 2023 செப்டம்பரோடு மூடப்பட்டுவிட்டது, இப்போது உங்கள் கடைத் தளத்துக்கு ஏற்ற செருகு நிரல் (plugin) ஏதாவது பார்க்க வேண்டும்.

எத்தனை பேர் வந்தால் முடிவை நம்பலாம்? நூறு பேருக்கு இரண்டு பேர் வாங்குகிற பக்கம் என்று வைத்துக்கொள்வோம். புதுத் தலைப்பு அதை மூன்று ஆக்குகிறதா என்று ஓரளவு உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு தலைப்பையும் கிட்டத்தட்ட 3,800 பேர் பார்க்க வேண்டும். இரண்டு பேர் 2.4 ஆவதைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றுக்கும் 21,000-க்கு மேல். ஒரு நாளைக்கு நூறு பேர் வருகிற கடைக்கு முதல் கணக்கே இரண்டரை மாதம் பிடிக்கும், இரண்டாவதை மறந்துவிடலாம். அதனால்தான் சின்னக் கடைக்காரர்கள் சொல் மாற்றிப் பார்க்கக் கூடாது, காரணத்தை மாற்றிப் பார்க்க வேண்டும் என்கிறேன். பெரிய வித்தியாசம் மட்டும்தான் குறைந்த கூட்டத்தில் கண்ணுக்குத் தெரியும். மூன்றாம் நாளே 7 ஆர்டருக்கு 3 என்று பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், நாணயத்தைப் பத்து முறை சுண்டினாலும் 7-க்கு 3 சாதாரணமாக விழும். எத்தனை பேர் வரும்வரை ஓட்டுவது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

அவ்வளவு கூட்டம் இல்லவே இல்லையா? வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். வாடிக்கையாளர்களைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பட்டியலாகப் பிரித்து, ஒரே நாள் ஒரே நேரம், ஒரே படம், தலைப்பு மட்டும் வேறாக அனுப்பி, யாரெல்லாம் விலை கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். தீர்ப்பு கிடைக்காது, எந்த வரி சவமாகக் கிடக்கிறது என்பது மட்டும் தெரிந்துவிடும்.

எதை எண்ணுவது என்பதிலும் ஒரு பொறி உண்டு. கிளிக்கை எண்ணினால் பரபரப்பான வரிதான் ஜெயிக்கும். ஆர்டரை எண்ணுவது மேல். ஆனால் நம்மூரில் பாதிப் பேர் கேஷ் ஆன் டெலிவரி போடுகிறவர்கள், தலைப்பைப் பார்த்து ஆசைப்பட்டு ஆர்டர் போட்டு, பார்சல் வந்ததும் "வேண்டாம்பா" என்று திருப்பி அனுப்பினால் போகவர கூரியர் செலவு நம் தலையில். அதனால் பணம் கைக்கு வந்த ஆர்டரை மட்டும் எண்ணுங்கள், அதற்காக முடிவு ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

அத்தை மகன் தை மாதத்திலிருந்து கருப்பட்டி வரியையும் விலை வரியையும் ஒழுங்காக, வருகிறவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஓட்டிக்கொண்டிருக்கிறான். எனக்குக் கருப்பட்டி வரிதான் பிடித்திருந்தது. விலை வரி கொஞ்சம் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். இப்போதைக்கு அந்தச் சண்டைக்கார வரிதான் முன்னால் போகிறது. எழுதி வைத்த எண்ணிக்கைக்கு இன்னும் ஆயிரத்துச் சொச்சம் பேர் பாக்கி, அதுவரை எதிலும் கை வைக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.