பஞ்சர் ஒட்டச் சொல்லிக்கொடுக்கும்போது வாயைத் திறக்காதீர்கள்

கடலூர் முதுநகரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுக்கிறது. முதல் பஞ்சர் ஆனதுமே அதில் எத்தனையோ சைக்கிள் திண்ணையோரம் சாய்ந்துவிடுகிறது. எங்கள் பக்கம் வேலிக்கருவை முள்ளுக்குக் குறைச்சல் இல்லை. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பக்கத்துப் பள்ளியில் சனிக்கிழமை காலையில் பஞ்சர் ஒட்டச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். உங்கள் ஊரிலும் செய்யலாம்.

ஒரு டப் தண்ணீர், காற்றடிக்கும் பம்ப், இரண்டு டயர் லீவர், உப்புக்காகிதம், சொல்யூஷன் என்கிற ரப்பர் பசை, பேட்ச், வால்வில் மாட்டுகிற சின்ன ரப்பர் குழாயான வால்வு டியூப் கொஞ்சம். இவ்வளவுதான் சாமான். ஐந்து பிள்ளைக்கு ஒரு செட் வையுங்கள். அதற்கு மேல் போனால் பாதிப்பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். முதல் வாரம் சைக்கிளைத் தொடவே வேண்டாம். கடைகளில் கழித்துப்போட்ட டியூப் கேட்டால் கொடுப்பார்கள். அதை வெட்டி, ஒட்டி, கெடுத்துப் பழகட்டும். சொல்யூஷன் சட்டென்று தீப்பிடிக்கும், நெடியும் அடிக்கும். அதனால் வகுப்பறைக்குள் வேண்டாம், மரத்தடியில் உட்காருங்கள்.

சைக்கிளுக்கு வந்ததும் முதலில் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று இறங்கியதெல்லாம் பஞ்சர் இல்லை. வால்வு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துக் குமிழி வந்தால், வால்வு டியூபை மாற்றினால் போதும். குமிழி வரவில்லையா, அப்புறம் டயரைக் கழற்றலாம். ஸ்க்ரூடிரைவரால் நெம்ப விடாதீர்கள், டியூபில் புதிதாக ஒரு கிழிசல் விழும்.

டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்து, தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே போக வேண்டும். குமிழி வந்த இடத்தில் அடையாளம் வைத்து, காற்றை இறக்கி, ஈரம் போகத் துடைத்து, உப்புக்காகிதத்தால் தேய்க்க வேண்டும். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவினால் போதும். அடுத்ததுதான் கஷ்டம்: ஐந்து நிமிடம் சும்மா இருப்பது. பளபளப்பு அடங்கி, தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு வராத பதத்தில்தான் பேட்ச் வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு வைத்தால் ஓரம் கிளம்பிவிடும். பசை காயும் அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பருத்தித் துணியை டயரின் உட்புறம் சுற்றிலும் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். முள் இருந்தால் துணி மாட்டும், விரலும் தப்பும்.

சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஒரே விதிதான். ஒரு தடவை செய்து காட்டியபின் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். பிரேக்குக்கும் சக்கர நட்டுக்கும் மட்டும் இது செல்லாது. அதை நானே முடுக்கிப் பார்த்துத்தான் வண்டியை விடுவேன்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பேட்ச் அருமையாக ஒட்டினாள். டயருக்குள் துணி விட மறந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கு முள்ளின் தலை தெரிகிறது. மூன்று தடவை வாய்வரை வந்தது, சொல்லவில்லை. கேட் வரை போகவில்லை, காற்று இறங்கிவிட்டது. முகம் சுண்டிப்போய் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். யாரையும் கேட்காமல் தரையில் உட்கார்ந்து டயரைக் கழற்றினாள். இந்தத் தடவை துணி விட்டாள், மாட்டியது. நகவெட்டியால் பிடித்து இழுத்தாள். அரை நகம் நீளமிருக்கும். அந்த முள்ளை ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டாள்.

தலைமையாசிரியை என்னிடம் சொன்னார்: 1937இல் வார்தா மாநாட்டிலேயே காந்தி, கைத்தொழிலை நடுவில் வைத்துப் பாடம் நடத்த வேண்டும் என்று பேசினாராம். அன்றைக்கு ராட்டை, எங்களுக்குச் சைக்கிள். அறிவியல் டீச்சரும் கூட உட்கார்ந்தால் நல்லது. வெயிலில் நிறுத்திய டயர் ஏன் விறைக்கிறது என்று பிள்ளைகள் அவர்களாகவே கேட்பார்கள்.

ஆறாவது வாரம் பள்ளி வாசலில் உட்காரவைத்து, தெருக்காரர்களின் சைக்கிளுக்கு ஒட்டச் சொன்னேன். காசு வாங்கக் கூடாது. ஒட்டியவர் பெயரை நோட்டில் எழுத வேண்டும். மறுபடி காற்று இறங்கினால் அதே பிள்ளையிடம்தான் வண்டி வரும். பெயர் எழுத ஆரம்பித்த பிறகு யாரும் அந்த ஐந்து நிமிடத்தைக் குறைப்பதில்லை. அந்தப் பெண் இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.