ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகலாமா? கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

சிங்கப்பூரில் மாதம் 4,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வேலை என்றதும் எல்லோரும் முதலில் செய்வது மூன்றால் பெருக்குவது. பன்னிரண்டாயிரம் ரிங்கிட் வருகிறது, அத்தோடு முடிவும் எடுத்தாகிவிடுகிறது. அந்தப் பெருக்கலைத் தயவுசெய்து தள்ளி வையுங்கள். இரவில் எந்தக் கரையில் தூங்கப் போகிறீர்கள் என்பது தெரியாத வரை அந்த 4,000க்கு மதிப்புப் போட முடியாது. ஜொகூர் பாருவில் தூங்கித் தினமும் கடற்பாலம் கடப்பது ஒரு வாழ்க்கை. உட்லண்ட்ஸிலோ ஈசூனிலோ அறை எடுத்துத் தங்குவது வேறொரு வாழ்க்கை.

கடப்பிதழைப் புதுப்பிப்பது, சான்றிதழ் நகல் எடுப்பது போன்றவை உங்களுக்கே தெரியும். இந்தக் கணக்கு மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்.

படி 1: எந்த அனுமதியில் போகிறீர்கள்?

வேலை அனுமதிக்கு நாம் விண்ணப்பிக்க முடியாது. முதலாளிதான் சிங்கப்பூர் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக மூன்று வகை: அடிப்படை நிலை வேலைகளுக்கு வொர்க் பெர்மிட், நடுத்தரத் திறன் வேலைகளுக்கு எஸ் பாஸ், நிபுணர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் எம்ப்ளாய்மெண்ட் பாஸ். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் நிலவரப்படி குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் 5,600. நிதித் துறையில் இரண்டுமே கூடுதல். வயது ஏற ஏற வரம்பும் ஏறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 45 வயதுக்காரருக்கு எஸ் பாஸ் வரம்பு 4,800, எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வரம்பு 10,700. பின்னதற்கு, சம்பளம், கல்வித் தகுதி போன்றவற்றுக்குப் புள்ளி போடும் 'கம்பாஸ்' முறையில் 40 புள்ளிகளும் வேண்டும். வரம்புகளை அவ்வப்போது உயர்த்துவார்கள் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் மறுபடியும் பாருங்கள்.

அமைச்சின் இணையதளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி ஒன்று இலவசமாக இருக்கிறது. ஏஜெண்டின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைவிட அது எவ்வளவோ மேல். இன்னொன்று: வெளிநாட்டு ஊழியர் தீர்வையை முதலாளிதான் கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் பிடிப்போம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

படி 2: ஒரு தாள், மூன்று பத்திகள்

ஒரு தாளை நெடுக்காகக் கோடு போட்டு மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் இப்போதைய வேலை. இரண்டாவதில் சிங்கப்பூர் வேலை, ஜொகூரில் வீடு. மூன்றாவதில் சிங்கப்பூர் வேலை, சிங்கப்பூரில் அறை. ஒவ்வொரு செலவையும் அது எந்த நாணயத்தில் கையை விட்டுப் போகிறதோ அதிலேயே எழுதுங்கள். கடைசியில் மிஞ்சுவதை மட்டும் ரிங்கிட்டாக மாற்றுங்கள். சம்பளத்தை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. எல்லாவற்றையும் முதலிலேயே ஒரே நாணயத்துக்கு மாற்றி, நாம் பார்க்க வேண்டிய வித்தியாசத்தை அழித்துவிடுகின்றன. கூகுள் ஷீட்ஸ் போதும், பள்ளி நோட்டுப் புத்தகம் இன்னும் நல்லது.

நான் நெடுநேரம் திணறிய இடம் சேமநிதி. இங்கே மாதம் 6,000 ரிங்கிட் வாங்குபவருக்கு இபிஎஃப் கணக்கில் அவர் பங்கு 11 விழுக்காடு, அதாவது 660. முதலாளி பங்கு 12 விழுக்காடு, 720. மாதம் 1,380 ரிங்கிட், ஆண்டுக்கு 16,560, நாம் தொடாமலேயே சேர்கிறது. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. அனுமதி அட்டையில் போகும் நமக்குப் பிடித்தமும் இல்லை, முதலாளி பங்கும் இல்லை. 4,000 வெள்ளி முழுதாகக் கைக்கு வரும், வந்ததெல்லாம் நம் பணம் போலவும் தோன்றும். ஆகவே சிங்கப்பூர்ப் பத்திகள் இரண்டிலும் செலவின் முதல் வரியாக அந்த 1,380 ரிங்கிட்டை எழுதுங்கள். இபிஎஃப்பில் நாமாகவே ஆண்டுக்கு 1,00,000 ரிங்கிட் வரை கட்டலாம் என்பதால் வழி இருக்கிறது, மனம்தான் வேண்டும். இந்த வரியை விட்டுவிட்டு ஒப்பிடுபவர் சேமிப்பு உள்ள சம்பளத்தையும் சேமிப்பு இல்லாத சம்பளத்தையும் ஒரே தராசில் வைக்கிறார்.

வருமான வரி அவ்வளவு பயமுறுத்தாது. ஆண்டில் குறைந்தது 183 நாள்கள் அங்கே வேலை செய்தால் குடியிருப்பாளர் விகிதம் கிடைக்கும். முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. ஆண்டுக்கு 48,000 சம்பாதிப்பவருக்கு, சம்பாத்தியக் கழிவு 1,000 போக, சுமார் 1,040 வெள்ளி வரும். ஆனால் அது மாதாமாதம் பிடிக்கப்படாமல் மறு ஆண்டு மொத்தமாக ரசீதாக வந்து நிற்கும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் கைரோ மூலம் 12 தவணைகளாகக் கட்டலாம், வட்டி கிடையாது. மாதம் 90 வெள்ளியைத் தனியே எடுத்து வைப்பவருக்கு அதுவும் தேவைப்படாது.

மருத்துவம்: எஸ் பாஸ், வொர்க் பெர்மிட் ஊழியர்களுக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதி எடுத்தாக வேண்டும். எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, பேரம் பேசி எழுதி வாங்குங்கள்.

படி 3: ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பாருங்கள்

சனிக்கிழமை மத்தியானம் பாலம் கடந்து பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்பவர்கள் அதிகம். அது கணக்கில் சேராது. வேலைக்குப் போகும் நேரத்திலேயே ஒரு திங்கட்கிழமை போங்கள், வெள்ளிக்கிழமை மாலை ஒருமுறை திரும்பி வாருங்கள். பஸ்ஸில் ஏறிப் பாலம் கடந்து, உட்லண்ட்ஸில் பையோடு இறங்கி, குடிநுழைவு முடித்து, கீழே மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். வந்த பஸ் உங்களுக்காகக் காத்திருக்காது. வீட்டுக் கதவிலிருந்து அலுவலக நாற்காலி வரை ஆன நேரத்தைத் தாளில் குறியுங்கள், பாலத்தில் ஆன நேரத்தை மட்டும் எழுதாதீர்கள்.

ஷட்டில் தெப்ராவ் ரயில் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். ஜே.பி. சென்ட்ரலில் ஏறினால் 5 ரிங்கிட், உட்லண்ட்ஸில் ஏறினால் 5 வெள்ளி. அதே தூரம்தான்! அலுவலக நேர டிக்கெட்டுகள் முன்கூட்டியே தீர்ந்துவிடும் என்பதால் அதை நம்பி வீடு பார்க்காதீர்கள். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை வரும் ஆர்டிஎஸ் ரயில் மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றும் என்கிறார்கள். நல்லதுதான். நீங்களே ஏறி அலுவலகம் போய்ச் சேர்ந்து நேரம் குறித்த பிறகு அதைத் தாளில் எழுதுங்கள்.

படி 4: அறை

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டை முழுதாக வாடகைக்கு எடுக்கும்போது குடிமக்கள் அல்லாதோருக்கான ஒதுக்கீட்டு வரம்பு மலேசியர்களுக்குக் கிடையாது. குறைந்தபட்ச ஒப்பந்தம் 6 மாதம். முத்திரை வரி, மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, வாடகைதாரர் தலையில். நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

அறை விளம்பரங்களில் "லேசான சமையல் மட்டும்" என்று ஒரு வரி இருக்கும். தாளிக்கலாமா என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் முட்டை அவிக்கலாம், நூடுல்ஸ் கொதிக்க வைக்கலாம் என்பதுதான் அதன் பொருள். அப்படியானால் மூன்றாவது பத்தியில் சாப்பாட்டுச் செலவு மூன்று வேளையும் கடைக் கணக்கு.

படி 5: குடும்பத்தையும் அழைத்துப் போவதென்றால்

மனைவியையோ கணவரையோ பிள்ளைகளையோ சார்ந்திருப்போர் அட்டையில் அழைத்துப் போக உங்கள் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். அந்த அட்டையோடு மட்டும் துணைவர் வேலை செய்ய முடியாது. அவருக்கும் தனி வேலை அனுமதி வேண்டும். அரசுப் பள்ளியில் இடமும் நிச்சயமில்லை. பின்னாளில் நிரந்தரவாசம் வாங்கி மகனையும் அதில் சேர்த்தால் அவனுக்குத் தேசிய சேவைக் கடமை வரும், முழுநேரமாக 2 ஆண்டுகள். அவன் தொட்டிலில் இருக்கும்போதே இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது.

பின்சேர்க்கை: வேலையை விடும்போது கடைசிச் சம்பளம் ஏன் வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். வெளிநாட்டு ஊழியர் விலகினால் முதலாளி குறைந்தது ஒரு மாதம் முன்பே வரித் துறைக்குத் தெரிவித்து, கொடுக்க வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். அது சட்டம். வரி கழித்து மீதியைத் தருவார்கள். எனவே ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் ஒரு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்கட்டும்.

இங்கே இருக்கும் வேலையை எப்போது விடுவது என்றும் கேட்டார்கள். முதலாளியின் நியமனக் கடிதம் போதாது. அமைச்சின் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வந்து, அதில் உள்ள அடிப்படைச் சம்பளமும் நியமனக் கடிதத்தில் உள்ளதும் ஒன்றாக இருப்பதைப் பார்த்த பிறகு விடுங்கள்.